வந்தவளுக்கு என்ன உரிமை?

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணுக்கு இரண்டு பெயர். பிறந்த வீட்டில் வைத்த பெயர் ஒன்று. வாழ்க்கைப்பட்ட ஊரில் மற்றவர்கள் சொல்லும் பெயர் இன்னொன்று. முக்கூடலில் பிறந்து வீரவநல்லூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் வீரவநல்லூரில் ‘முக்கூடல்காரி’. பத்தமடையிலிருந்து வந்தவள் ‘பத்தமடைக்காரி’. நாற்பது வருஷம் அங்கேயே குடியிருந்து, மாமனார் மாமியாரை அங்கேயே வழியனுப்பி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகாது. சரி, பிறந்த ஊருக்காவது சொந்தமா என்றால், அங்கே அவள் ‘வீரவநல்லூருக்குக் கொடுத்த பிள்ளை’. ஆண்களில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்கு மட்டும் இப்படி ஒரு பெயர் வரும், அதுவும் கேலியாக.

இந்த அழைப்பில் பிரியமும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். என்னையும் பிறந்த ஊர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது மனசுக்குள் அந்த ஊர் வாய்க்கால் ஒரு நிமிஷம் ஓடும். என் கேள்வி வேறு. ஓர் இடத்துக்காகப் பேச, முடிவெடுக்க, பதில் சொல்ல யாருக்கு உரிமை? அங்கே பிறந்தவருக்கா? அங்கே வாழ்கிறவருக்கா? அங்குள்ளவர்கள் தேர்ந்தெடுத்தவருக்கா? பிறந்தவருக்குத்தான் என்று சொல்லிவிட்டால், நம் ஊர்களில் வெளியிலிருந்து வாழவந்த மருமகள்கள் அத்தனை பேருக்கும் இருக்கும் ஊருக்காகப் பேச உரிமை இல்லாமல் போகும். இன்னும் போகாத பெண்களோ, ‘போகப்போற பிள்ளைக்கு இங்க என்ன பேச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார்கள்.

இதை யோசிக்க நான் எடுத்துக்கொள்வது வி.என். ஜானகியின் அரசியல் வாழ்க்கையை. அரசியல் வாழ்க்கை என்று சொல்லுமளவுக்கு அது நீளமானதில்லை. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார் என்று வகுப்பில் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஜெயலலிதா என்பார்கள். ஜானகி 1988 ஜனவரி 7ஆம் தேதி பதவியேற்று ஜனவரி 30ஆம் தேதி பதவி இழந்தவர். 24 நாட்கள். பெண்ணியக் கட்டுரைகளிலும் அவரைப் பற்றிப் பெரிதாக எதுவும் இருக்காது. வீராங்கனையாக எழுத வசதியான ஆள் இல்லை. அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதுவே காரணம்.

அவர் பிறந்தது வைக்கத்தில். அது அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். தனி அரசர், தனிச் சட்டம், எல்லையில் சுங்கச்சாவடி. 1940களில் தமிழ்ப் படங்களில் நடித்தார். 1948இல் ‘மோகினி’, 1949இல் ‘வேலைக்காரி’, 1950இல் ‘மருதநாட்டு இளவரசி’. திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்த அதே 1949இல் வெளிவந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் ஜானகியும் நடித்தார். திராவிட சினிமாவின் தொடக்கத்தில், தமிழ்ப்பெண்ணின் முகமாக இருந்தது வைக்கத்துப் பெண்ணின் முகம். அப்போது யாரும் எந்த ஊர் என்று கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் ஒரு பெண் நமக்காக அழுதால் ஊர் கேட்கமாட்டோம். நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்போம்.

‘மலையாளி’ என்ற சொல் எம்.ஜி.ஆர். மீது வீசப்பட்டதைப் போலவே ஜானகி மீதும் வீசப்பட்டது. அவருடைய தகப்பனார் ராஜகோபால ஐயர், இசையமைப்பாளர் பாபநாசம் சிவனின் சகோதரர். (அந்தப் பாபநாசம் தஞ்சாவூர்ப் பக்கத்தது. தாமிரபரணி மலையிறங்கி வரும் நம் பாபநாசம் என்று நினைத்து என் தோழி ஒருத்தி பல வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.) தாயார் நாராயணி அம்மாள் மலையாளி. நாம் எப்போதும் கணக்குப் பார்ப்பது தகப்பன் வழியில். சாதி தகப்பன் வழி, குலதெய்வம் தகப்பன் வழி, பெயருக்கு முன்னால் போடும் எழுத்து தகப்பன் வழி. அந்தக் கணக்குப்படி ஜானகி தமிழர். ஆனால் அவரை வெளியே நிறுத்தவேண்டி வந்தபோது மட்டும் தாய்வழி ஞாபகத்துக்கு வந்தது.

சேர்த்துக்கொள்ளவேண்டி வந்தாலும் அதே தாய்வழி கைகொடுக்கும். 2020இல் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் நின்றபோது, திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பதாகை கட்டி, கோவிலில் பூஜை செய்தார்கள். அது அவருடைய தாயின் தகப்பனார் ஊர். ஓக்லண்டில் பிறந்து, ஜமைக்காவைச் சேர்ந்த தகப்பனுக்கு மகளானவரை, தாய்வழித் தாத்தாவின் ஊரை வைத்து நம் பெண் என்றோம். கொண்டாடியதில் தவறு சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடா போன ராதிகா சிற்சபைஈசன் 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோதும், 2018இல் லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோதும் நாம் சந்தோஷப்பட்டோம். ‘ஸ்கார்பரோவில் பிறக்காத ராதிகாவுக்கு ஸ்கார்பரோவுக்காகப் பேச என்ன உரிமை’ என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் அதை இனவெறி என்றிருப்போம். சரியாகவே சொல்லியிருப்போம். அப்படியானால் வைக்கத்துக்கும் சென்னைக்கும் நடுவே அந்த நியாயம் ஏன் மாறவேண்டும்?

இதற்கு ஒரு பதில் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கனடாவில் தமிழர் சிறுபான்மையினர். அங்கே ஒரு தமிழர் சட்டமன்றம் போவது ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் இடம். தமிழ்நாட்டிலோ மொழிவழி மாநிலம் என்பதே போராடிப் பெற்றது. தன் மொழி பேசுவோர் தன்னை ஆளவேண்டும் என்ற விருப்பத்தில் ஒரு வரலாற்று வலி இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அந்த மொழிவழி எல்லை எங்கள் பக்கத்தில் எப்படி விழுந்தது என்று பாருங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. முந்தின நாள் ராத்திரி படுத்த பெண் காலையில் எழுந்தபோது வேறு மாநிலத்துக்காரி. அவள் நகரவே இல்லை, எல்லைதான் அவளைத் தாண்டிப் போனது. குற்றாலத்து அருவித்தண்ணீரைச் சுமந்து வரும் சிற்றாறு சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு பழைய திருவிதாங்கூர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திருநெல்வேலியின் அடையாளமாகச் சொல்லப்படும் அல்வாவே ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம். அதைக் கிண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் திருநெல்வேலிக்காரர்கள். வீரவநல்லூரில் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவுக் குடும்பங்களை யாரும் வந்தவர்கள் என்று சொல்வதில்லை. வந்தவன் என்ற முத்திரை ஆணுக்கு இரண்டு மூன்று தலைமுறையில் அழியும். பெண்ணுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் குத்தப்படும், ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் அவளை நாம் இடம்பெயர்க்கிறோம்.

எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்வோம். பிறந்தது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில். பெற்றோர் மலையாளிகள். பரங்கிமலையில் இரண்டு தடவை, அப்புறம் அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி என்று ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் அவரை அனுப்பினார்கள். எதுவும் அவர் பிறந்த ஊர் இல்லை. 1984இல் அவர் நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஆண்டிப்பட்டிக்கு ஒரு முறைகூட வராமலேயே ஜெயித்தார். மலையாளி என்ற குற்றச்சாட்டுக்கு மக்கள் அவரை மூன்று முறை முதலமைச்சராக்கிப் பதில் சொன்னார்கள். ஆண் ஒருவன் வெளியிலிருந்து வந்து, உழைத்து, பெயரெடுத்து, ஊர்க்காரனாகிவிட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தலைவன் வந்தவனாக இருக்கலாம். கதைகளில்கூட ராஜகுமாரன் வேறு நாட்டிலிருந்துதான் வருவான்.

பெண்கள் அப்படி வந்து ஆண்டதே இல்லையா என்றால், உண்டு. இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் சுசேதா கிருபளானி அம்பாலாவில் பிறந்த வங்காளி. கட்டிக்கொண்டது சிந்தி ஆணை. 1963 முதல் 1967 வரை ஆண்டது உத்தரப் பிரதேசத்தை. ஆனால் சுசேதா சிறை சென்றவர், காங்கிரஸ் அமைப்புக்குள் பல வருஷம் வேலை செய்தவர், தேர்தலில் நின்று வென்றவர். அந்த வேலை ஜானகியிடம் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ஜானகியின் கட்சியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கவேண்டியிருக்கிறது. 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வரானார். கட்சி பிளந்தது. 97 சட்டமன்ற உறுப்பினர்கள் ஜானகியை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். ஆளுநர் குரானா அவரை ஆட்சியமைக்க அழைத்தார். அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மேலவை 1986லேயே ஒழிக்கப்பட்டுவிட்டதால் அந்த வழியும் இல்லை. உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியல் சட்டப் பிரிவின் கீழ் அவர் முதல்வரானார். அதே சட்டப்படி, உறுப்பினரல்லாத அமைச்சர் அவையில் உட்காரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. தன் அமைச்சரவை மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் தன் கையைத் தூக்க முடியாத முதலமைச்சர் அவர்.

அந்த வாக்கெடுப்பு நடந்த 1988 ஜனவரி 28 எங்கள் பள்ளத்தாக்கோடு சம்பந்தப்பட்டது. அன்று சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் பி.எச். பாண்டியன், தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மகாதேவித் தொகுதியின் உறுப்பினர், பக்கத்து ஊரான கோவிந்தப்பேரிக்காரர். சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ என்ற சொற்றொடர் இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியது அவர் தலைமையிலிருந்த அவைதான். ஜனவரி 28 அன்று அவைக்குள் அடிதடி நடந்தது. மைக்குகள் பறந்தன. போலீஸ் உள்ளே வந்து தடியடி நடத்தியது. அந்த அமளியில் நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்தார். இரண்டாம் நாள் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது.

இந்த 24 நாட்களைப் பற்றி நேர்மையாக எழுப்பவேண்டிய கேள்விகள் எவ்வளவோ உண்டு. மக்களிடம் ஒரு தடவைகூடப் போகாதவர் எப்படி மாநிலத்தை ஆள ஒப்புக்கொண்டார்? போலீஸ் தடியடிக்கு நடுவே கிடைத்த பெரும்பான்மையை அவர் ஏன் ஏற்றுக்கொண்டார்? அந்த 97 பேர் அவரை முன்னிறுத்தியது ஆளவா, தங்களுக்குள் யார் ஆள்வது என்று முடிவாகும்வரை நாற்காலியில் துண்டு போட்டு வைக்கவா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் தெருவிலும் மேடையிலும் அதிகம் கேட்டது வேறு சத்தம்: மலையாளி, நடிகை, ஏற்கெனவே ஒருவருக்கு மனைவியாக இருந்தவர். மூன்றுமே அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பற்றியவை. என்ன செய்தார், யாரிடம் பதில் சொன்னார் என்பதைப் பற்றியவை அல்ல. ஒரு பெண்ணை வந்தவள் என்று அடிப்பதில் இருக்கும் அநியாயம் ஒரு பக்கம். அந்த அடி விழும் சத்தத்தில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அமுங்கிப்போவது இன்னொரு பக்கம். அவரைப் பின்னாலிருந்து நகர்த்திய ஆண்களுக்கு இது மிகவும் வசதி. அவர்கள் எல்லோரும் மண்ணின் மைந்தர்கள்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லவேண்டும். ஜானகியை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயம் என்ன? அவர் தலைவரின் மனைவி. முதலமைச்சரின் மனைவி என்பதால் மாநிலம் அவருக்கு வந்து சேரவேண்டும். ஒருவகையில் பார்த்தால் இது ‘வந்தவள்’ என்ற ஏச்சின் மறுபக்கம். அங்கே பிறந்த வீடு அவரைத் தகுதியிழக்கச் செய்தது; இங்கே புகுந்த வீடு அவருக்குத் தகுதி கொடுத்தது. இரண்டிலும் அவருக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு வீடு தீர்மானிக்கிறது. ராஜாஜி அரங்கில் எம்.ஜி.ஆரின் உடல் வைக்கப்பட்டிருந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். உடலின் தலைமாட்டில் மணிக்கணக்காக நின்ற ஜெயலலிதாவை, இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஒரு மாநிலத்தின் அடுத்த தலைமை யார் என்ற கேள்வி, இறந்த ஆணின் உடலுக்கு எந்தப் பெண் எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம் என்பதாகச் சுருங்கியது. நெடுஞ்செழியனுக்கு அந்த உடலுக்குப் பக்கத்தில் நின்று எதையும் நிரூபிக்கவேண்டியிருக்கவில்லை.

பிறப்பு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாமிரபரணி பொதிகையில் தொடங்கி 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதன் தண்ணீரைக் குளிர்பான ஆலைக்குக் கொடுப்பதா, மணலை அள்ள விடுவதா என்ற முடிவுகளை எங்கோ இருந்தவர்கள் எடுத்ததைப் பார்த்த ஊர் இது. ‘இந்த ஊர்க்காரனா இருந்தா இப்படிச் செய்வானா’ என்று ஒரு விவசாயி கேட்கும்போது அதில் பிறப்பு வெறி இல்லை. முடிவெடுப்பவர் அந்த முடிவோடு வாழவேண்டியவராக இருக்கவேண்டும் என்ற நியாயம் இருக்கிறது. நாளைக்குக் கிணறு வற்றினால் அவர் வீட்டுக் குடமும் காலியாக வேண்டும். பிறந்த ஊர் என்ற வாதத்துக்குள் இருக்கும் உருப்படியான சரக்கு இதுதான் என்று நினைக்கிறேன்: தப்பித்துப் போக முடியாதவரிடம் பொறுப்பைக் கொடு.

அப்படி எடுத்துக்கொண்டால், அந்த விவசாயியின் நியாயம் முதலில் பொருந்துவது அவன் மனைவிக்கு. எங்கள் பக்கத்து ஆண்கள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள்; ஊரில் பிறந்து வளர்ந்து, பொங்கலுக்கும் கொடைக்கும் மட்டும் வருகிறார்கள். ஊரில் இருப்பவள் முக்கூடல்காரி. எந்தத் தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த மடையை யார் அடைத்தார், ரேஷன் கடையில் எந்தக் கிழமை மண்ணெண்ணெய் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பெயர் பிறந்த ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு இந்த ஊர்ப் பட்டியலில் ஏறியிருக்கிறது. திரும்பிப் போக அவளுக்கு வீடில்லை. அண்ணன் தம்பி வீடுதான் இருக்கிறது. நம் சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. வாக்காளர் பட்டியலுக்கு அது கேட்பது ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறார் என்பதை. எங்கே பிறந்தார் என்று கேட்பதில்லை. சட்டமன்ற வேட்பாளருக்கும், இந்த மாநிலத்தில் ஏதோ ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சட்டம் எவ்வளவோ விஷயங்களில் பெண்களைக் கைவிட்டிருக்கிறது; இந்த விஷயத்தில் ஊரைவிடச் சட்டம் விவரமானது.

ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற ஏற்பாட்டில் தமிழ்நாட்டில் 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் அது 50 சதவீதமாகச் சட்டமானது. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் திருநெல்வேலியிலும் தென்காசியிலும் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் நடந்தது. பாளையங்கோட்டை ஒன்றியம் சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பெண் தலைவரானார். கடையம் ஒன்றியம் வெங்காடம்பட்டியில் இருபதுகளின் தொடக்கத்திலிருந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் தலைவரானார். பத்திரிகைகள் இருவரையும் வயதுக்காகக் கொண்டாடின. எனக்கு வேறொன்று பட்டது. ‘போகப்போற பிள்ளை’ என்று சொல்லப்படும் வயதில் ஒருவர். ‘வந்தவள்’ என்று சொல்ல இனி ஊரில் மூத்தவர் யாரும் மிச்சமில்லாத வயதில் இன்னொருவர். நடுவே கிடக்கும் எழுபது வருஷத்தில்தான் தொல்லை.

அந்த நடுவயதுக்காரி ஒருவர் தலைவராக இருந்த கிராமசபைக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். வாய்க்கால் தூர்வாரும் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “ஒங்க ஊர் வழக்கம் எப்படியோ மதினி, எங்க ஊர்ல வாய்க்கா விஷயம் ஆம்பளைக பேசித்தான் முடிவு பண்ணுவோம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு அதில் தப்பு இருப்பதே தெரியவில்லை. தலைவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “எந்த ஊர்ல, அண்ணாச்சி? எனக்கு ஓட்டு இந்த ஊர்லதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் படித்தார். அவருடைய கணவர் வாசலில் நின்றிருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர் நேராகப் போய்ப் பேசியது கணவரிடம். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அந்தத் தலைவருக்கும் ஜானகிக்கும் உள்ள வித்தியாசம் பிறந்த ஊரில் இல்லை. இருவரும் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். இருவரையும் கணவன் பெயரை வைத்துத்தான் முதலில் முன்னிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார், ஊர் சம்மதித்தது. அதனால்தான் ‘எந்த ஊர்ல’ என்று திருப்பிக் கேட்க முடிந்தது. 1988 ஜனவரியில் ஜானகியை யாராவது ‘எந்த ஊர்’ என்று கேட்டிருந்தால், நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்த அவரிடம் நியாயமான பதில் இருந்தது. ‘யார் அனுப்பினார்கள்’ என்று கேட்டிருந்தால் இல்லை.

அந்தப் பதிலைத் தேடி அவர் ஒரு தடவை போனார். 1989 ஜனவரியில் தேர்தல் வந்தது. இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இரண்டு அணிக்கும் தலைமை பெண்கள். இருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள், இருவரும் சினிமாவிலிருந்து வந்தவர்கள். ஜெயலலிதா போடிநாயக்கனூரில் ஜெயித்தார், அவர் அணிக்கு 27 இடங்கள். ஜானகி கணவரின் தொகுதியான ஆண்டிப்பட்டியில் நின்றார். எம்.ஜி.ஆர். எட்டிப் பார்க்காமலேயே ஜெயித்த அந்தத் தொகுதியில் அவர் தோற்றார். வாக்குகள் பிரிந்ததால் தி.மு.க. வென்றது என்பது உண்மை. அவர் அணிக்கு மொத்தம் கிடைத்தது 2 இடங்கள். அதில் ஒன்று சேரன்மகாதேவி. எங்கள் ஆற்றங்கரையில் புறா ஜெயித்தது. ஆனால் அந்த ஓட்டு ஜானகிக்கு விழுந்தது என்று நான் நினைக்கவில்லை. அது பாண்டியனுக்கு, உள்ளூர்க்காரருக்கு விழுந்த ஓட்டு. (2008 தொகுதி மறுசீரமைப்பில் சேரன்மகாதேவித் தொகுதியே இல்லாமல் போனது.)

தோற்ற சில வாரங்களில் ஜானகி அரசியலிலிருந்து விலகினார். அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. அவரைப் பற்றி இன்று நல்லதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த விலகலைத்தான். பெருந்தன்மை, தியாகம், தலைவரின் கட்சியைக் காப்பாற்றிய மனைவி. இந்தப் புகழ்ச்சி எனக்குக் கசக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததற்காக ஏசப்பட்ட பெண், எழுந்து போனதற்காகப் புகழப்படுகிறார். அவர் கட்சிக்குக் கொடுத்த சொத்தில்தான் ராயப்பேட்டையில் அதன் தலைமைக் கழகம் இன்றும் இருக்கிறது. சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் அவர் பெயரும் சேர்ந்த பெண்கள் கல்லூரி நடக்கிறது. கொடுத்தவர் என்ற அளவில் அவரை ஏற்றுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. வெளியூர்க்காரி கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மதிக்கத் தோன்றுவது விலகியதற்கு முந்திய மாதம். 65 வயதில், அரசியல் மேடைப் பழக்கம் அதிகமில்லாத ஒரு பெண், தமிழ்நாட்டின் ஒரு மூலையில் நின்று முதல்முதலாக ஓட்டுக் கேட்டார். ஆண்டிப்பட்டி வேண்டாம் என்றது. ஏற்றுக்கொண்டார். அது தியாகம் இல்லை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலுக்குக் கட்டுப்பட்டது. அவரை வந்தவள் என்பதால் மக்கள் ஒதுக்கினார்கள் என்று பிறகு எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதே ஆண்டிப்பட்டி 2002 இடைத்தேர்தலில், கர்நாடகத்து மேல்கோட்டையில் பிறந்த ஜெயலலிதாவை அனுப்பியது. 2006இல் மறுபடியும் அனுப்பியது.